தேசவழமையும் அதன் உரையாசிரியர்களும்: சட்ட நூல்கள் ஆய்வுகளைக் கையாளும் முறை பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துத் தமிழரின் ஆதன உரிமைகளை நெறிப்படுத்தும் தேசவழமையைப் பற்றிய சட்ட நூல்களைக் கலைப்பீட மாணவன் ஒருவன் படிக்க நேர்ந்தால், அவனுக்கு வியப்பளிப்பவை அவற்றின் தொடக்க அதிகாரங்களேயாகும். வழக்குத் தீர்ப்புகளையும் கட்டளைச் சட்டப் பிரிவுகளையும் எதிர்பார்த்துச் செல்லும் அவன், குடியேற்ற வரலாறு, தாய்வழிச் சமூகம், திராவிட வழக்காறு என்று தன் விரிவுரை மண்டபங்களிற் கேட்டுப் பழகிய பொருள்களையே அங்கும் காண்கின்றான். சட்டம் பிற துறைகளின் உதவியை நாடுவது வரவேற்கத்தக்கதே. ஆயின், அவ்வுதவி எவ்வகையில் நாடப்படுகின்றது, பெற்றுக்கொண்ட பொருள் சட்ட நூலிலே என்ன வடிவம் எடுக்கின்றது என்ற வினாக்கள் நம்மிடையே போதியளவு எழுப்பப்படவில்லை. அவற்றைத் தேசவழமை உரைகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு நிறுவ முனையும் கருத்தினை முதலிலேயே கூறிவிடலாம். ஆய்வாளனிடத்து எடுகோளாக இருந்த ஒன்று, சட்ட உரையாசிரியனிடத்து வந்து சேர்ந்ததும் மேற்கோளாகின்றது. மேற்கோளாகியபின் அது முடிந்த முடிபாகின்றது. அதனைத் தோற்றுவித்த ஆய்வுத்துறை அதைத் திருத்திக்கொண்டோ கைவிட்டோ சென்ற பின்னரும் சட்ட நூலிலே அது நிலைத்து நிற்கின்றது.

தேசவழமை நூலுருப் பெற்ற வரலாறு பலரும் அறிந்ததே. ஒல்லாந்தத் தேசாதிபதி கோர்னேலிஸ் யொவான் சீமன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் மூன்று தசாப்தங்களுக்கு மேல் வாழ்ந்திருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706-1707இல் அதனைத் தொகுத்தார். யான் பீருஸ் என்பவர் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு, நாட்டு வழக்கத்துக்கு இயைந்ததென உறுதிசெய்தனர். ஆங்கிலேயராட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு முழுமையான சட்டவலுவை அளித்தது.

எந்தவோர் ஆவணத்தையும் கையிலெடுத்ததும் வரலாற்று மாணவன் சில கேள்விகளைக் கேட்பான். எழுதியவர் யார்? எவரிடம் கேட்டு எழுதினார்? எந்தத் தேவைக்காக எழுதினார்? இக்கேள்விகளைத் தேசவழமையிடம் கேட்குமிடத்து, அதனை உறுதிசெய்தோர் நிலபுலமும் பதவியும் உடைய ஆடவர் பன்னிருவர் என்பது முதலிற் புலனாகும். எந்தப் பெண்களின் சீதனத்தைப் பற்றி அந்நூல் விரிவாகப் பேசுகின்றதோ அப்பெண்கள் அச்சபையில் இருக்கவில்லை. எவரை அது அடிமைகளென வகுத்து விதி கூறுகின்றதோ அவர்களும் இருக்கவில்லை. அடிமைமுறை 1844இல் ஒழிக்கப்பட்டதோடு அவ்விதிகள் வலுவிழந்தன. மேலும், போர்த்துக்கேயர் காலத்திலே வழக்கங்கள் மாறுதலடைந்தன என்பதை நூலே ஒப்புக்கொள்கின்றது. எனவே நமக்குக் கிடைத்திருப்பது மாசுபடாத தொல்வழக்கின் பதிவென்று கொள்வதற்கில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தினர், அந்நிய ஆட்சியொன்றின் நீதிமன்றத் தேவைக்காக எடுத்துரைத்த வழக்காகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இந்நூலுக்குத் தோன்றிய தொடக்ககால உரைகளுள் எச். எவ். முத்துக்கிருஷ்ணா 1862இல் வெளியிட்ட பதிப்பு குறிப்பிடத்தக்கது. மூலத்தையும் அதனையொட்டி எழுந்த நீதிமன்றத் தீர்ப்புகளையும் ஒருங்கே தந்தமையே அதன் பயன். தேசவழமை எங்கிருந்து வந்தது என்பதைவிட நீதிமன்றம் அதனை எவ்வாறு பிரயோகித்தது என்பதே அதன் முதன்மையான அக்கறை. பிற துறை ஆய்வுகள் சட்ட உரையினுட் பெருமளவிற் புகும் கட்டத்தைக் காண நாம் பாக்குநீரிணையைக் கடந்து சென்னை மாகாணத்துக்குச் செல்லவேண்டும். அங்கு நடந்த விவாதம் பின்னர் யாழ்ப்பாணத்தையும் பாதித்தமையால் அது இங்கு இன்றியமையாததாகின்றது.

மதுரை நாட்டைப் பற்றி 1868இல் பெருநூல் எழுதிய ஜே. எச். நெல்சன், 1877இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இந்துச் சட்டப் பிரயோகத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். வடமொழித் தரும நூல்களைக் கேட்டுமறியாத தமிழ்க் குடிகளின் தலைமேல் அந்நூல்களின் விதிகளை ஏற்றுவது தகாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1881இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலோ, இந்துச் சட்டத்தை விஞ்ஞான முறையிற் கற்பதற்கான திட்டம் என்ற பொருள்படத் தலைப்பிடப்பட்டது. நீதிபதி இன்ஸ் 1882இல் அவருக்கு மறுப்பெழுதினார். நெல்சனின் முடிபுகள் யாவும் ஏற்கத்தக்கன அல்ல. எனினும், நீதிமன்றம் சட்டமெனக் கொண்ட நூல் மக்களின் நடைமுறையைக் காட்டுகின்றதா என்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆய்வுத்துறைகளை அவர் ஐயத்தை எழுப்பும் கருவிகளாகப் பயன்படுத்தினார்.

ஜே. டி. மெயின் 1878இல் வெளியிட்ட இந்துச் சட்டமும் வழக்கமும் பற்றிய நூல் வேறு வழியிற் சென்றது. அவர் காலத்து அறிவுலகில் ஹென்றி மெயினின் 1861ஆம் ஆண்டு நூலும், மக்லெனனின் 1865ஆம் ஆண்டு நூலும் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தன. முன்னவர் தந்தைவழிக் குடும்பத்தையே ஆதிநிலையாகக் கொண்டார். பின்னவர் தாய்வழி முறையே முந்தியதென்றார். இவ்வாராய்ச்சிகளின் ஒளியிலே இந்துச் சட்டத்தை நோக்கிய ஜே. டி. மெயின், பிராமணச் செல்வாக்குக்கு அப்பாற்பட்ட வழக்குகளுக்குச் சான்றாகப் பஞ்சாபின் வழக்காறுகளையும் நமது தேசவழமையையும் எடுத்தாண்டார். இவ்வாறு, 1707இல் ஒல்லாந்த அதிகாரியொருவர் தொகுத்த ஏடு தென்னிந்தியத் திராவிடரின் தொன்மை வழக்குக்குச் சாட்சியாக்கப்பட்டது. இந்நிகழ்வை மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனில், தென்னிந்தியாவை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தை மேற்கோள் காட்டும் நூல்கள் ஒருபுறம் இருக்க, யாழ்ப்பாணத்தை விளங்கிக்கொள்ள அதே தென்னிந்தியச் சட்ட நூல்களை மேற்கோள் காட்டும் வழக்கம் பின்னர் இங்கு ஏற்பட்டது. இரு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்தால் உருவங்கள் பல தோன்றும். ஆயினும் நடுவில் நிற்கும் பொருள் ஒன்றே.

தேசவழமைக்கு ஆங்கிலத்தில் எழுந்த உரைகளுள் மிக விரிந்த புலமையுடையது எச். டபிள்யூ. தம்பையா 1950களின் தொடக்கத்தில் வெளியிட்ட யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களும் வழக்கங்களும் பற்றிய நூலாகும். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கிய அவர், சிதறிக்கிடந்த தீர்ப்புகளை ஒழுங்குபடுத்தியதோடு வரலாறு, சமூகவியல் என்பவற்றையும் துணைக்கொண்டார். தேசவழமையின் தோற்றம் பற்றி அவர் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது: யாழ்ப்பாணத்தில் முன்னர்க் குடியேறியோர் மலபார்க் கரையினர், அவர்கள் மருமக்கட்டாயமென்னும் தாய்வழி முறையைக் கொணர்ந்தனர், பின்னர்ச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் தந்தைவழி முறையைக் கொணர்ந்தனர், இரண்டும் கலந்ததன் விளைவே தேசவழமை. ஆடவன் கொணரும் முதுசொம், பெண் கொணரும் சீதனம், இருவரும் மணவாழ்விற் சேர்க்கும் தேடியதேட்டம் என்ற மூவகைப் பாகுபாட்டிலும், சீதனம் பெண்வழியே இறங்கிய பழைய முறையிலும் தாய்வழியின் எச்சம் காணப்பட்டது.

இவ்விளக்கம் கவர்ச்சியானது. அன்றைய நிலையில் அறிவுசார்ந்ததுங்கூட. ஆயினும் இன்று அதனை மூன்று நிலைகளில் ஆராயவேண்டியுள்ளது.

முதலாவது, பெயர் பற்றியது. 1806ஆம் ஆண்டு ஒழுங்குவிதி யாழ்ப்பாணத்தவரை மலபார்க் குடிகள் என்றே குறிப்பிடுகின்றது. ஆனால் போர்த்துக்கேயர் முதலாய ஐரோப்பியர் தமிழரைப் பொதுவாகவே மலபாரிகள் என்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ்நூலின் போர்த்துக்கேயத் தலைப்பு அதன் மொழியை மலபார்த் தமிழ் என்று குறிக்கின்றது. சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்க், தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதியபோது அவற்றை மலபார்த் தெய்வங்கள் என்றே தலைப்பிட்டார். ஆகவே இப்பெயர் குடியேற்ற மூலத்துக்குச் சான்றாகாது. தம்பையாவின் வாதம் இப்பெயரில் மாத்திரம் தங்கியதெனக் கூறுவது அவருக்கு நீதி செய்வதாகாது. எனினும், சட்டத்தின் முதற்சொல்லே மலபார் என்றிருக்கும்போது மலபார் மூலம் வாசகருக்கு எளிதில் ஏற்புடையதாகத் தோன்றும் என்பதை மறுக்க இயலாது.

இரண்டாவது, தாய்வழி என்னும் கருத்துப் பற்றியது. இதுவே முக்கியமானது. மருமக்கட்டாய முறையில் ஆதனம் தரவாட்டுக்கு உரியது. தரவாடு என்பது ஒரு மூதாயின் வழிவந்தோர் அனைவரையுங்கொண்ட கூட்டுக்குடும்பம். அதன் ஆதனத்தைக் காரணவர் நிருவகிப்பார். மரபுமுறையில் அது தனித்தனியே பங்கிடப்படுவதில்லை. ஆடவனுக்கு அடுத்துரியோர் அவன் மக்களல்லர், உடன்பிறந்தாளின் மக்களே. கணவனுக்கு மனைவியின் தரவாட்டு ஆதனத்தில் இடமில்லை. இதனைத் தேசவழமையோடு ஒப்பிட்டு நோக்குக. சீதனம் மணத்தின்போது ஒரு பெண்ணுக்குத் தனித்து அளிக்கப்படுகின்றது. அவளும் கணவனும் சேர்ந்து ஒரு புதிய ஆதன அலகாகின்றனர். கணவனே அதன் முகாமையாளன். மாமனிடமிருந்து மருமகனுக்கு உரிமை இறங்கும் முறை இங்கு இல்லை. தாயின் பொருள் மகளுக்குச் செல்வது ஒன்று. பெண்வழியாகக் குடி எண்ணப்பட்டு அக்குடிக்கே பொருள் உரியதாவது பிறிதொன்று. இரண்டையும் பெண்வழி என்ற ஒரே சொல்லால் வழங்குவதனாலேயே ஒற்றுமை தோன்றுகின்றது.

உண்மையான தாய்வழி உரிமைமுறை எத்தகையதென அறிய நாம் மலபாருக்குச் செல்லவேண்டியதுமில்லை. மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் வழங்கிய முக்குவர் சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் எழுதிய நூல் உள்ளது. மட்டக்களப்புப் பகுதியின் தாய்வழிக் குடிமுறையை அக்கரைப்பற்றில் நேரிற் கண்டாராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரேயின் நூல் 2008இல் வெளிவந்தது. இவற்றோடு ஒப்பிடும்போது யாழ்ப்பாண முறை எவ்வளவு வேறுபட்டது என்பது தெளிவாகும். தென்னாசியப் பெண்களின் ஆதனவுரிமை பற்றி எஸ். ஜே. தம்பையா 1973இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையோ, சீதனத்தை மறைந்துபோன தாய்வழிச் சமூகத்தின் எச்சமாகக் கொள்ளாது, பிறந்தகம் மகளுக்கு மணத்தின்போது அளிக்கும் பங்காகக் கொண்டு விளக்குகின்றது.

இவை யாவும் தம்பையாவின் நூலுக்குப் பிந்தியவை, அவற்றை அறியாமைக்காக அவரைக் குறைகூறலாமா எனக் கேட்கலாம். குறைகூறலாகாது. ஆனால் ஒரு செய்தி உண்டு. மானிடவியலாளர் ரட்கிளிஃப் பிரவுண் தந்தைவழி, தாய்வழி உரிமைபற்றிய தமது கட்டுரையை 1935இலேயே அமெரிக்கச் சட்டச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். மலபார் நாயரின் தரவாட்டையும் உதாரணமாகக் கொள்ளும் அக்கட்டுரை, உறவுமுறை நிறுவனங்களை அவற்றின் ஊகிக்கப்பட்ட ஆதிமூலத்தால் விளக்குவதைக் கைவிட்டு, உரிமைகளைத் திட்டவட்டமாக வரையறுக்கவேண்டிய சமூகத் தேவையால் விளக்கியது. அதாவது, மானிடவியல் ஆதிமூல ஊகங்களிலிருந்து விலகிச் சென்றுகொண்டிருந்த வேளையிலே, சட்ட உரை அவற்றை நாடி வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது, குடியேற்ற வரலாறு பற்றியது. கா. இந்திரபாலா இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள் பற்றிய தமது ஆய்வேட்டை 1965இல் சமர்ப்பித்தார். அதன்பின் கந்தரோடையிலும் பொம்பரிப்பிலும் 1970இல் அகழ்வாய்வுகள் நிகழ்ந்தன. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதையலையும் முத்திரையையும் கண்டெடுத்தனர். பொ. இரகுபதியின் தொல்லியல் ஆய்வுநூல் 1987இல் வெளிவந்தது. இவற்றின் பின்னர், 2005இல் வெளியிட்ட நூலில் இந்திரபாலா தமது முன்னைய கருத்துகள் பலவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார். முதலில் ஒரு கரையிலிருந்து ஒரு கூட்டம், பின்னர் மறுகரையிலிருந்து ஒரு கூட்டம் என்ற எளிய வரைபடத்தினுள் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலிருந்து தொடரும் பண்பாட்டுறவுகள் அடங்கமாட்டா. நாற்பதாண்டுகளின் பின் தன் முடிபைத் தானே திருத்துவது வரலாற்றாசிரியனுக்குப் பெருமை. சட்ட உரைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. உரையைத் தீர்ப்பு மேற்கோள் காட்டும். தீர்ப்பை அடுத்த உரை மேற்கோள் காட்டும். மேற்கோள் தொடர நீள நீள, தொடக்கத்தில் இருந்த 'இருக்கலாம்' என்னும் சொல் மறைந்துவிடும்.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்பாருமுளர். தோற்றம் பற்றிய விவாதம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை என்பதே விடை. தேசவழமை ஓர் இனத்தின் அல்லது சமயத்தின் வழக்கன்று, ஓரிடத்தின் வழக்கு என்று 1913இல் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் என்ற வழக்கிலே கூறப்பட்டது. ஆயினும் உரைகள் அதன் வேரை இனக் குடிபெயர்விலேயே தேடின. தேசவழமை மௌனமாயிருக்கும் இடங்களில் உரோமன் டச்சுச் சட்டமே பொருந்துமென்பது பொதுவிதி. எனினும் ஐயத்துக்கிடமான ஒரு விதிக்குப் பொருள் காணும்போது, அதன் மூலம் எதுவெனக் கொள்கிறோமோ அதன் பக்கமே நமது பார்வை சாயும்.

இதனினும் பாரதூரமானது பெண்களின் நிலை. 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் தனி ஆதனத்தை இறுதி விருப்பாவணத்தால் வழங்கலாமென்றும், உயிரோடிருக்கையில் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமென்றும் விதித்தது. கணவன் கைவிட்டுப் போயினும், இருக்குமிடம் தெரியாதுபோயினும், நியாயமின்றி இசைய மறுப்பினும் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் ஏனைய பெண்கள் பலருக்கு அளித்த விடுதலை தேசவழமைக்குட்பட்டோருக்கு நீட்டப்படவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்களுக்கு இவ்விதியின் பொருள் என்னவாயிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தன் தாய் தனக்கு அளித்த காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்க விரும்பும் ஒருத்தி, இல்லாத கணவனின் இசைவுக்கு ஈடாக நீதிமன்றக் கட்டளையைப் பெறவேண்டியவளாகின்றாள்.

இத்தகைய விதிகளை மாற்றலாமா என்ற பேச்சு எழும்போது, இருசாரார் வாதத்திலும் தோற்றக் கதை இடம்பெறுகின்றது. முன்னோர் வகுத்த தொன்முறையைத் தொடலாகாது என்பர் ஒருசாரார். ஆதியிலே நம் சமூகம் தாய்வழிச் சமூகமாகவே இருந்தது, ஆகவே பெண்ணுரிமை நமக்குப் புதிதன்று என்பர் மற்றொரு சாரார். பின்னவரின் நோக்கம் நன்று. ஆனால் அவர்கள் கட்டும் வீட்டின் அத்திவாரம் உறுதியற்றது.

இவ்வாபத்து நமக்கு மட்டும் உரியதன்று. சட்டவாதத்தில் சமூக விஞ்ஞானத்தைக் கையாளும் நடைமுறை அமெரிக்காவில் நன்கு வளர்ந்தது. 1908இல் ஒரிகன் மாநிலப் பெண் தொழிலாளரின் வேலைநேரத்தை வரையறுத்த சட்டத்துக்கு ஆதரவாக வழக்கறிஞர் பிரண்டைஸ், மருத்துவ, தொழில்துறை அறிக்கைகள் நிறைந்த எழுத்துவாதத்தைச் சமர்ப்பித்து வெற்றி கண்டார். வேலைநேரம் குறைந்தது. கூடவே, பெண்ணுடல் இயல்பிலேயே வலுக்குறைந்தது என்ற கருத்தும் தீர்ப்பில் ஏறியது. 1954இல் பாடசாலைகளில் நிறவேறுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய பிரவுண் வழக்கின் தீர்ப்பு, அடிக்குறிப்பொன்றில் உளவியல், சமூகவியல் ஆய்வுகளைச் சுட்டியது. அத்தீர்ப்பை வரவேற்ற சட்ட அறிஞர் எட்மண்ட் கான், மறு ஆண்டிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். மனிதனின் அடிப்படை உரிமை அன்றன்று மாறும் ஆய்வு முடிபுகளில் தங்கியிருத்தலாகாது என்பதே அதன் கருத்து. நமது நிலைக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்தின் முதற்குடிகள் எக்கரையினர் ஆயினும், அவர்கள் தாய்வழியினர் ஆயினும் தந்தைவழியினர் ஆயினும், தன் காணியைத் தான் ஆளும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டா என்ற வினாவுக்கு விடை அங்கில்லை. அது நீதி பற்றிய வினா. நீதியின் அடிப்படையிலேயே அதற்கு விடை காணவேண்டும்.

அவ்வாறாயின் சட்ட நூல்களில் ஆய்வுகளுக்கு இடமே இல்லையா? உண்டு. ஆய்வு, விதிக்கு வயது கூட்டும் அணிகலனாக அமையாமல் விதியைப் பரிசோதிக்கும் கருவியாக அமையவேண்டும் என்பதே நமது வேண்டுகை. தேசவழமை ஏட்டை உறுதிசெய்தோர் யாவர் என்று வரலாறு காட்டட்டும். சீதனம் இன்று ஊர்களில் எவ்வாறு கொடுக்கப்படுகின்றது, உறுதி எவர் பெயரில் எழுதப்படுகின்றது என்று சமூகவியல் காட்டட்டும். இசைவு வேண்டி நீதிமன்றம் செல்வோர் படும் சிரமத்தை வழக்கேடுகள் காட்டட்டும். நெல்சன் கேட்ட கேள்வியின் பயன் இத்திசையிலேயே உள்ளது.

நமது மொழியில் உரையெழுதும் மரபு நீண்டது. பரிமேலழகர் முதலாய உரையாசிரியர்கள் பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் குறிப்பிட்டு, இவ்வாறு கூறுவாருமுளர் என்று அதனைப் பிறர் கருத்தாகவே நிறுத்துவர். ஏற்பின் காரணமும், மறுப்பின் காரணமும் காட்டுவர். தேசவழமையின் உரையாசிரியர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் இந்த ஒழுங்கையே. ஓர் ஆய்வு முடிபை எடுத்தாளும்போது அது யாருடையது, எக்காலத்தது, இன்று அத்துறையில் அதன் நிலை யாது என்று கூறிவிட்டுச் செல்வது உரையின் வலுவைக் குறைக்காது.

நம்மீதும் ஒரு பொறுப்பு உண்டு. வரலாறும் சமூகவியலும் தொல்லியலும் பயிலும் நாம், சட்டம் சட்டத்தரணிகளின் துறையென்று ஒதுங்கியிருப்பதனால், நமது துறைகள் கைவிட்ட கருத்துகள் சட்ட நூல்களில் வாழ்ந்துகொண்டிருப்பதை அறியாதிருக்கின்றோம். தேசவழமையின் ஒல்லாந்த மூலத்தையும் தமிழாக்கத்தையும் ஒப்புநோக்கி, வரலாற்றுக் குறிப்புகளுடன் ஆராயும் பணி சட்டப்பீடமும் கலைப்பீடமும் இணைந்து செய்யவேண்டியதொன்று. அப்பணி நிறைவேறுமாயின், தேசவழமை பற்றிய சீர்திருத்த விவாதம் கற்பிதமான தொன்மையை விட்டு, அதற்குட்பட்டு வாழும் மக்களின் தேவையை நோக்கித் திரும்பும்.